ஓட்டுறவங்க போட்டுக்கக் கூடாது

மருந்துக்கடை கவுண்டரில் நின்றபடி பன்னிரண்டு வருஷமாக அவள் சொல்லிவரும் வாசகம் ஒன்று உண்டு. "கெளம்பறதுக்கு அரைமணி நேரம் முன்னாடி போட்டுக்கோங்க. தூக்கம் வரும். வண்டி ஓட்டுறவங்க போட்டுக்கக் கூடாது." வாந்தி மாத்திரை வாங்க வரும் எல்லோருக்கும் இதையே சொல்லித்தான் அட்டையை உறையில் போட்டுக் கொடுப்பாள். மலைப் பயணத்தில் அவள் கதியோ இரண்டில் ஒன்று. மாத்திரை போட்டால் மலை ஏறி முடிக்கும்வரை வாயைப் பிளந்து தூங்குவாள். போடாவிட்டால் பிளாஸ்டிக் பையும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி ஏழு முறை மலைக்குப் போயாகிவிட்டது. வழி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கணவனுக்கோ கல் வயிறு. "எல்லாம் மனசுதான். வராதுன்னு நெனச்சா வராது" என்பான், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

ஒருநாள் கடைக்கு வந்த வேன் டிரைவர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். வண்டி ஓட்டும்போது அவருக்கு ஒன்றும் பண்ணாதாம். அதே வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டுமாம். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மூன்று மாதம் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். மேம்பாலச் சரிவில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கப் பழகினாள். முதல் தடவையிலேயே லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

கணவன் வேலை, காப்பீட்டு நிறுவனத்துக்காக நசுங்கிய கார்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது. நாள் முழுக்க உடைந்த பம்பரையே பார்க்கிறவன் கண்ணுக்கு, ஸ்டியரிங் முன்னால் யார் உட்கார்ந்தாலும் நாளைய கேஸாகத்தான் தெரியும், தன்னைத் தவிர. ஆனாலும் வாக்குக் கொடுத்தான். "அடிவாரம் வரைக்கும் நான். மலைல நீ ஓட்டு." மகள் அதற்குச் சாட்சி.

அந்த வாக்கை நம்பித்தான், எட்டாவது முறையாக மலைக்குக் கிளம்பிய அன்று காலை அவள் மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை.

அடிவாரம் வந்தது. "லாரி நெறைய போகுது. அஞ்சாவது பெண்டுல மாத்திக்கலாம்" என்றான். மொத்தம் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. ஐந்தாவதில் நிறுத்த இடமில்லை என்றான். அங்கே இரண்டு கார்கள் நின்றிருந்தன. ஒரு குடும்பமே வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. எட்டாவதில் மேகம் இறங்குகிறது என்றான். வெயிலில் கண் கூசியது. ஒன்பதாவதில் அவள் முதல் பையை நிரப்பினாள்.

"வாக்குக் குடுத்தீங்கல்ல" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு.

"இந்த நெலமைல எப்படி ஓட்டுவ?"

"நீங்க குடுக்காததாலதான் இந்த நெலம."

"மனச வேற எதுலயாவது வை. பாட்டுப் போடவா?"

வாயைத் திறந்தால் பதிலோடு வேறு ஏதாவதும் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நியாயமாக ஒரு சண்டை போடக்கூட வயிறு இடம் கொடுக்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

பதினோராவது வளைவில் ஒரு டீக்கடை. கணவன் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ வாங்க இறங்கினான். திரும்பி வந்தபோது அவள் டிரைவர் சீட்டில் பெல்ட் மாட்டி உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"எறங்கு."

"ஏறுங்க."

"வெளையாடாத. இது மலை."

"மலைன்னு தெரிஞ்சுதான் மூணு மாசம் கத்துக்கிட்டேன்."

"அப்பா, ஏறுங்கப்பா. மானம் போகுது" என்றாள் பின்னாலிருந்து மகள். டீக்கடைக்காரரோடு சேர்த்து ஆறு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறினான்.

அடுத்த மூன்று வளைவுக்கு அவன் வாய் ஓயவில்லை. "ரெண்டாவது கியர் போடு. ஹாரன் அடி. அகலமாத் திருப்பு. பிரேக், பிரேக்." சாலையைப் பார்க்கவே இல்லை, அவள் கால்களையும் கியர் கம்பியையும்தான் முறைத்துக்கொண்டிருந்தான். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்மிதி சுருண்டுவிட்டது. அவள் ஒவ்வொரு வளைவாகத் திருப்பிக்கொண்டே போனாள். அவளுக்கு வயிறு அடங்கிப்போயிருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயிலில் கிடந்தது. ஏழு முறை வந்தும் அவள் அதைப் பார்த்ததில்லை.

பதினைந்தாவது வளைவில் அவன் பேச்சு நின்றது. ஒருவழியாக நம்பிக்கை வந்துவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பதினேழாவதில் மகள் சொன்னாள், "அம்மா, அப்பா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு."

ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். கழுத்தெல்லாம் வியர்த்து, கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு, எச்சிலை விழுங்கியபடி இருந்தான். மலையில் ஒருநாளும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திராத மனுஷன். கல் வயிறு என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டதெல்லாம் ஸ்டியரிங் கொடுத்த தைரியம்தான்.

'எல்லாம் மனசுதான்' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் இனி வாய்க்காது. ஆனாலும் சொல்ல மனம் வரவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. வண்டியை ஓரங்கட்டி, மிச்சமிருந்த பையை நீட்டினாள்.

"கீழ பாக்காதீங்க. தூரத்துல தெரியற மலையப் பாருங்க. ஜன்னல எறக்கி விடுங்க."

இத்தனை வருஷத்தில் தன்னிடம் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைத்தபோது கண் கலங்கியது. வண்டியை எடுத்தாள். அடுத்த வளைவு வந்துவிட்டது, துடைக்க நேரமில்லை.

"காலைல சாப்ட்டது சேரல" என்றான் அவன், பையை முடிச்சுப் போட்டுக்கொண்டே.

மறுநாள் மதியம் விடுதி அறையைக் காலி செய்து, பெட்டிகளை டிக்கியில் ஏற்றினார்கள். கணவன் அவள் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"ரொம்பக் கஷ்டம்தான் இல்ல, அது? நேத்து எனக்குக் குடலே வெளிய வந்துடும்போல இருந்துச்சு."

ஏழு பயணமாக அவள் காத்திருந்த பேச்சு. "இப்பவாவது புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது" என்று கையை நீட்டினான். "அதனாலதான் கேக்கறேன், சாவியக் குடு. இன்னொரு தடவ என்னால முடியாது."

 அவள் கைப்பையைத் திறந்தாள். சாவி வரும் என்று அவன் நீட்டிய கையோடு நிற்க, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கெளம்பறதுக்கு அரைமணி நேரம் முன்னாடி போட்டுக்கணும்" என்றாள், கவுண்டரில் சொல்கிற அதே குரலில். "தூக்கம் வரும். வண்டி ஓட்டுறவங்க போட்டுக்கக் கூடாது."

மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அப்பாவிடம் நீட்டினாள்.