வெந்நீரில் கலந்த பொடி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோமனூரில் வள்ளி கும்மி அரங்கேற்றம். மாதக்கணக்கில் ஆடிப் பழகிய லோகப்பிரியாவுக்கு முன்வரிசையில் இடம். பச்சைச் சேலைக்கு ரவிக்கைகூடத் தைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பல்லில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கியது. ஆண்டிபயாடிக் மாத்திரை வீக்கத்தை அடக்கியது, வயிற்றுப்போக்கைக் கிளப்பிவிட்டது. வியாழக்கிழமை அவள் ஆடியதெல்லாம் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையேதான்.

மணிக்கணக்காக ஆடும் கும்மியில் பாதியில் வட்டத்தை விட்டு ஓட முடியுமா? நினைத்தாலே மானம் போனது.

"மாத்திரைய நிறுத்திப்போடறனுங்க டாக்டர்" என்றாள் போனில்.

"பாதியில நிறுத்தாதீங்கக்கா, சீழ் திரும்பி வந்துரும்" என்றார் பீளமேட்டுப் பல் டாக்டர் ஹாரிகா. "புரோபயாடிக் பொடி எழுதறேன். உசுரோட இருக்கற நல்ல கிருமிங்க. மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. நெறையப் பேருக்குக் கேக்குது. நிக்கலைன்னா நேர்ல வாங்க."

கணவன் தனபால் தறியை நிறுத்திவிட்டு ஓடிப்போய் வாங்கிவந்தான். நோவுக்காரிக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. ஆவி பறக்கும் வெந்நீரில் பொடியைக் கொட்டிக் கலக்கி, ஆற்றிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமையும் வயிறு அடங்கவில்லை.

அன்று சாயங்காலம் பாலுக்கு உறை ஊற்றப் போனவள் விரலை வைத்துப் பார்த்தாள். சுட்டது. ஆறட்டும் என்று திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, கொதிக்கற பால்ல மோரை ஊத்துனா தயிராகுமுங்களா?"

"அதெப்படி அம்மணி? உறை செத்துப்போகுமல்லோ."

"அப்ப அந்தப் பொடி?"

தனபாலுக்குப் பேயறைந்தாற்போல ஆனது. "அடக் கெரகமே. அத்தனையும் நானே கொன்னுபோட்டனா?"

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே தெம்பும் வந்தது. மருந்து தோற்கவில்லை, இன்னும் தொடங்கவேயில்லை. அன்றே பச்சைத் தண்ணீரில் கலந்து குடித்தாள். சனிக்கிழமை ஓட்டம் குறைந்தது. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட அரிசிம்பருப்புச் சோறு வயிற்றில் தங்கியது.

சாயங்காலம் மைதானத்தில் ஜமாப் மேளம் முழங்கியது, கால்கள் தாமாக எழும்பின. ஓரத்தில் தனபால் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பி, இன்ஜினை அணைக்காமல் ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தான். முதலில் சுற்றுக்குச் சுற்று அவனைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவனையும் மறந்தாள், வயிற்றையும் மறந்தாள். கடைசிப் பாட்டு முடிந்தபோது அவள் முன்வரிசையில்தான் நின்றாள். சந்தோஷம் தாங்கவில்லை.

வேர்க்க வேர்க்க ஓடி வந்தவளிடம் தனபால் அசடு வழிந்தான். "பெட்ரோல் தீந்துபோச்சு அம்மணி."

"அதனாலென்னங்க. நீங்க தள்ளிக்கிட்டு வாங்க, நான் ஆடிக்கிட்டே வாரேன்."