கல்லுப் பாப்பா

என் வீட்டுக்காரர் பழனிக்குமார் கப்பலில் வேலை பார்க்கிறார். உடனே கேப்டன் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டுக்காரர்கள் உல்லாசமாகச் சுற்றிப் பார்க்கப் போகிற பெரிய கப்பலில் அறை கூட்டி, மெத்தை விரித்து, துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைக்கிற வேலை. பால்கனி வைத்த அறைகள் அவர் பொறுப்பு. ஒரு நாள் ஓர் அறையைத் திறந்தால், எங்கள் மகள் தமிழ்மதி வயசில், நாலு வயசு இருக்கும், ஒரு பிள்ளை பால்கனி நாற்காலி மேல் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாம். பெற்றவர்கள் உள்ளே குறட்டை. இவர்தான் பாய்ந்து போய் இடுப்போடு தூக்கியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பயம் கடல் தாண்டி, திண்டுக்கல் நத்தம் ரோட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மகன் பிறந்ததற்கு லீவில் வந்த மனுசன், பிள்ளையைக் கொஞ்சியதைவிட பால்கனியை அளந்ததுதான் அதிகம். கதவைத் தானாகச் சாத்திக்கொள்ளும்படி செய்தார். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. உள்பக்கம் திறக்கிற குமிழை என் தலை உயரத்தில் வைத்தார். வெளிப்பக்கம் சாவித் துவாரம் மட்டும். சாவி உள்ளே ஆணியில் தொங்கும். வாசல் கதவுக்கும் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டாயிற்று. பிள்ளை இழுத்துப் போட்டு ஏறிவிடும் என்று ஸ்டூல், முக்காலி, நாற்காலி எல்லாவற்றையும் பரணில் ஏற்றினார்.

“ஏங்க, வீட்டுக்கு யாராச்சும் வந்தா எதுல உக்கார வைக்கிறது?”

“சோபா இருக்குல்ல.”

அந்த சோபாவை நகர்த்த நாலு ஆள் வேண்டும். கப்பலுக்குத் திரும்பிப் போன பிறகு தினமும் போனில் முதல் கேள்வி, “பால்கனி கதவு பூட்டியிருக்கா?” என்பதுதான். சாப்பிட்டியா என்பதெல்லாம் அப்புறம் வரும்.

அவர் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஒரு கல். மகனைத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்கு என் மாமியார் சின்னாளபட்டியிலிருந்து ஒரு சின்ன அம்மிக் குழவியைக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் குழவிக்குப் பொட்டு வைத்து, புதுத்துணி சுற்றி, தொட்டிலில் கிடத்தி ஆட்டிவிட்டு எடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். கண்ணேறு எல்லாம் கல்லோடு போய்விடுமாம். தமிழ்மதி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு சொந்தக்காரி அவளைச் சீண்டினாள். “உள்ள கெடக்கிற பாப்பா உங்கம்மாவுக்கு. இந்தக் கல்லுப் பாப்பாதான் உனக்கு.” எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்மதி சிரிக்கவில்லை.

கனம் என்று மாமியார் குழவியை விட்டுவிட்டுப் போனார். மிக்ஸி வைத்திருக்கிற வீட்டில் அதற்கு என்ன வேலை? துணி காயப்போடப் போகும்போது பால்கனிக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தேன். தமிழ்மதி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

“ம்மா, என் பாப்பாவுக்குக் குளிருது. தொட்டில்ல போடவா?”

“போ அங்கிட்டு. எனக்கு வேல கெடக்கு.”

இதே கேள்வி, இதே பதில், தினமும் நடந்தது.

அன்றைக்கு மத்தியானம் சின்னவன் சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஹால் நடுவில், என் முழங்கால் உயரத்துக்குத் தொங்குகிற தொட்டில். நான் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். இரண்டு துண்டைத்தான் விரித்திருப்பேன், பின்னால் டக் என்று சத்தம் கேட்டது. கதவு பூட்டிக்கொண்டது. கல்லைக் காணோம்.

கதவுக்குப் பக்கத்தில் ஹாலைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் உண்டு. கம்பி போட்டது. எட்டிப் பார்த்தேன். தமிழ்மதி குழவியை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, கால் அகட்டி, தொட்டிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள்.

“ஏய் தமிழு! வேணாம்! கீழ வையி!”

கத்தியது என் தப்பு. நான் விரட்டப் போகிறேன் என்று அவள் நடையை எட்டிப் போட்டாள். கம்பிக்குள் கையை விட்டுத் துழாவினேன். குமிழும் எட்டவில்லை, சாவியும் எட்டவில்லை. தோள்தான் கம்பியில் உரசி எரிந்தது. மூன்று கிலோ தேறும் அந்தக் கல். சின்னவனின் தலை இன்னும் கெட்டிப்படவில்லை, குளிப்பாட்டும்போது உச்சியில் துடிப்பது தெரியும்.

அந்த நேரம் பார்த்து சோபாவில் கிடந்த போன் அடித்தது. போன் என்றால் என் மகளுக்கு உயிர். கல்லைத் தொட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு ஓடிப்போய் எடுத்தாள். அவர்தான், வீடியோவில்.

“தங்கம், பால்கனி கதவு பூட்டியிருக்கா?”

“பூட்டியிருக்குப்பா.”

“சமத்து! அம்மா எங்க?”

“துணி காயப்போடுது.”

“ஏங்க! நான் வெளிய மாட்டிக்கிட்டேங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கப்பலில் சிக்னல் எப்போதும் அரை உயிர்தான். அவர் முகம் பாதிச் சிரிப்போடு அப்படியே உறைந்து நின்று, பிறகு அணைந்தது. அந்த மனுசனை அன்றைக்கு நான் திட்டாத திட்டு இல்லை. ஏறித் திறக்க ஒரு முக்காலி இல்லை. வாசல் வழியாக யாரும் வர வழியில்லை. பிள்ளை விழாமல் இருக்க ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்து, கடைசியில் என்னைக் கூண்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

தமிழ்மதி போனைப் போட்டுவிட்டு மறுபடியும் கல்லைத் தூக்கினாள். கீழே திரும்பி ஆளைக் கூப்பிடலாம் என்றால், நான் முகத்தைத் திருப்புகிற நேரம் அவளுக்குப் போதும். கத்தினாலும் ஓடுவாள். என்ன செய்வது என்று தெரியாமல், வாயில் வந்ததைப் பாட ஆரம்பித்தேன்.

“ஆராரோ ஆரிரரோ… கல்லுப் பாப்பா தூங்கணுமே… ஆராரோ…”

அவள் நின்றாள். தன் பாப்பாவுக்கு யாரும் அதுவரை பாடியதில்லை. தொட்டிலுக்குக் கீழேயே உட்கார்ந்து, கல்லை மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள்.

கண்ணை அவள் மேல் வைத்துக்கொண்டே, ஒரு கையால் வாளியிலிருந்த ஈரத்துணியை எடுத்துப் பால்கனிக் கம்பிக்கு வெளியே கீழே போட்டேன். ஒரு சட்டை, ஒரு பாவாடை, பிறகு ஒரு துண்டு. கீழ்வீட்டு நர்கீஸ் அக்காவுக்குத் தன் வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் பொறுக்காது. நாலாவது துணி விழும்போது குரல் வந்தது.

“ஏன் மணிமேகலை, என்ன இது, எல்லாத் துணியும் எங்க வீட்டுலதான் காயணுமா?”

திரும்பாமல், ராகம் விடாமல் பாடினேன். “ஆராரோ… நர்கீசக்கா… பால்கனியில மாட்டிக்கிட்டேன்… ஆரிரரோ… உள்ள பிள்ளைக்கு ஆபத்து… வாசக் கதவ ஒடைங்கக்கா… ஆராரோ…”

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். பிறகு, “மரியராஜண்ணே! கடப்பாரைய எடுத்துக்கிட்டு ஓடி வாங்க!” என்று வாட்ச்மேனைக் கூப்பிடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

அந்தச் சத்தத்தில் சின்னவன் முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். தொட்டில் குலுங்கியது. தமிழ்மதி எழுந்தாள்.

“தம்பி எந்திரிச்சுட்டான். இப்ப என் பாப்பா படுக்கட்டும்.”

ஒரு கையால் தொட்டில் சேலையை விலக்கினாள். முழங்காலை முட்டுக் கொடுத்துக் கல்லை விளிம்பு வரைக்கும் தூக்கிவிட்டாள். பாட்டை விட்டேன். என்ன பேசுகிறேன் என்று யோசித்துப் பேசவில்லை.

“தமிழு… ஒன் பாப்பாவ எங்கிட்டக் குடு. அம்மா தட்டித் தூங்க வைக்கிறேன்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “தம்பிய மாதிரியா?”

“தம்பிய மாதிரித்தான்.”

“போ அங்கிட்டுன்னு சொல்ல மாட்டியே?”

“சொல்ல மாட்டேன் கண்ணு. சத்தியமாச் சொல்ல மாட்டேன்.”

அவள் யோசித்தாள். பிள்ளை இத்தனை நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. விளிம்பிலிருந்து கல்லை இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் வந்தாள். தாழ்ந்த ஜன்னல்தான். திட்டில் கல்லை வைத்தாள். இரண்டு கம்பிகளுக்கு ஊடாகக் கையை விட்டு அதைக் கெட்டியாகப் பிடித்தேன்.

“தட்டும்மா.”

தட்டினேன். மரியராஜ் அண்ணன் வாசல் கதவை இடித்த இடியில் சுவரெல்லாம் அதிர்ந்தது. சின்னவன் வீறிட்டு அழுதான். நான் அழுதுகொண்டே கல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன். கதவு பிளந்து நர்கீஸ் அக்கா ஓடிவந்து சின்னவனை வாரியெடுத்தபோது, தமிழ்மதி வாயில் விரலை வைத்து அவரை அதட்டினாள். “சத்தம் போடாதீங்க. என் பாப்பா இப்பத்தான் தூங்குது.”

சாயங்காலம் சின்னவனுக்குப் பால் கொடுத்து மெத்தையில் கிடத்தினேன். தொட்டில் காலியாகத் தொங்கியது. தமிழ்மதி அதன் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள், கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள் போல. அவளையே தூக்கி உள்ளே போட்டேன். காலை மடக்கி, கல்லுக்குச் சுற்றியிருந்த துணியை மட்டும் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுருண்டாள். உத்தரக் கொக்கி முனகியது, முனகட்டும் என்று ஆட்டினேன்.

போன் அடித்தது.

“பால்கனி கதவு பூட்டியிருக்கா?”

“பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. மெதுவாப் பேசுங்க, பிள்ள தூங்குது.”

“சின்னவனா?”

“இல்லங்க. மூத்தவ.”