நிலாக் காலத்து எண்ணிக்கை

“யாரைப் பாத்து எழுதுன?” என்று பதினோராம் வகுப்பில் கணக்கு டீச்சர் கவியாவிடம் ஒருமுறை கேட்டார். அவள் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

மூன்று வருஷம் கழித்து, வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் ஒரு கம்பெனியில், ஒரு திங்கட்கிழமை காலை, அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது.

“எண்ணிட்டு எழுதுனியா, எழுதிட்டு எண்ணுனியா?” என்றார் சூப்பர்வைசர் ரகுபதி.

கவியாவின் வேலை சின்னது. லாரிகள் வந்து நிற்கும் மேடையில், கூரைக்கு வெளியே ஒரு நீல விளக்கு தொங்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஏரி. இருட்டியதும் ஏரியிலிருந்து நீர்வண்டுகளும் மெல்லிய இறக்கைப் பூச்சிகளும் கிளம்பி, விளக்கைத் தேடி வந்து, அடியில் இருக்கும் பசை அட்டையில் ஒட்டிக்கொள்ளும். மருந்து மூடிக்குள் பூச்சி போய்விடக் கூடாதே என்று, காலையில் அட்டையைக் கழற்றி, எண்ணி, தாளில் எழுத வேண்டும்.

“ரெண்டு வாரம் முன்ன முந்நூத்தி எண்பது. இன்னிக்கு பத்தொம்போது. பூச்சிங்கல்லாம் இன்னா, லீவு போட்டுகினு ஊருக்குப் போச்சா?” ரகுபதி தாள்களை விசிறி போல ஆட்டினார். “உனக்கு முன்னாடி மாரி இருந்தான். நாப்பது, நாப்பத்திரெண்டு, நாப்பத்தொண்ணு. ரயில் தண்டவாளம் மாதிரி நேரா போவும். ஒருத்தன் ஒரு கேள்வி கேக்கல.”

மாரி அந்த அட்டையைக் கழற்றியதே கிடையாது என்பது மேடையில் எல்லோருக்கும் தெரியும்.

“சனிக்கிழமை ஆடிட். கஸ்டமர் வராங்க. ஆறு மாசத்துத் தாளையும் புதுசா எழுதி வை. நாப்பதை ஒட்டி இருக்கணும். முடியாதுன்னா சொல்லிடு, கான்ட்ராக்டர் வேற பொண்ண அனுப்புவாரு.” வெற்றுத்தாள் கட்டொன்றை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

கேன்டீனில் பேக்கிங் லைன் ஷெர்லின் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். “எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி. பூச்சி வந்து சாட்சி சொல்லப் போவுதா?”

கவியாவின் கையில் இட்லி பாதியில் நின்றது. “சொல்லும்” என்றாள்.

அவள் பைக்குள் ஒரு நோட்டு இருந்தது. ஷெர்லினுக்குக்கூடத் தெரியாது. தினமும் எண்ணிக்கையோடு நிலாவையும் அதில் எழுதிவந்தாள். நிலா இல்லாத இரவில் அந்த விளக்குதான் ராஜா. ஏரிக்கு அந்தக் கரையிலிருந்துகூடப் பூச்சி வரும். பௌர்ணமியில் வானமே வெளிச்சமாகிவிட, விளக்கை யார் மதிப்பார்? பூச்சி குறைவதில்லை, விளக்குக்கு வருவதுதான் குறைகிறது. இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தாள். வளர்பிறையில் சாயங்காலமே நிலா மேலே நிற்பதால், எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கும். பௌர்ணமி கழிந்தாலோ நிலா தினமும் தாமதமாக எழும். அதற்கு முன் இருட்டாகக் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஏரிப் பூச்சி அதிகம் பறக்கும்; எண்ணிக்கை மறுபடி ஏறும்.

ஞாயிறு இரவு பௌர்ணமி. விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

செவ்வாய் காலை அவளே போய் ரகுபதியின் முன்னால் நின்றாள்.

“சார், வெள்ளிக்கிழமை காலைல இருநூறு தாண்டும். நீங்களே வந்து எண்ணுங்க. தாண்டலன்னா நானே வேலைய விட்டு நின்னுக்குறேன்.”

“இன்னாம்மா, ஜோசியமா?”

“இல்ல சார். நிலா.”

அன்றைக்கு முப்பத்து நான்கு. புதன் எழுபது. வியாழன் நூற்று இருபத்தொன்பது. வெற்றுத்தாள் கட்டு வெற்றாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ரகுபதி நிஜமாகவே வந்தார். மார்க்கரால் அட்டையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்தாள். அறுபதில் கணக்கு விட்டுப்போய், திட்டிக்கொண்டே முதலிலிருந்து எண்ணினார். இருநூற்று இருபத்தாறு.

பிறகு பழைய தாள் ஒன்றை உருவினார்.

“நானும் காலண்டர் பாத்துட்டுதான் வந்துகீறேன். ஐப்பசி பௌர்ணமி, இருநூத்தி அறுபதுன்னு எழுதிகீற. அன்னிக்கு நிலா இன்னா, நைட் ஷிப்ட்டுக்கு வரலியா?”

பதில் நோட்டில் இருந்தது. கம்பெனித் தாளில் வானத்துக்கு இடமில்லை. ஆனால் நோட்டில் நிலா மட்டுமா இருக்கிறது? ஒவ்வொரு பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். இவரும் இருக்கிறார்.

வாய் திறக்காமல் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை நின்று பார்த்தாயிற்று. பையைத் திறந்தாள். அந்தப் பக்கத்தைப் புரட்டி நீட்டினாள்.

‘பௌர்ணமி. வானம் முழுக்க மேகம். நிலா கண்ணிலேயே படவில்லை. 260.’

அதற்கு அடியில் அதே பேனாவில்:

‘ரகுபதி சார் இன்று ஷெர்லினைப் பார்த்துக் கத்தினார். கத்தும்போது கை நடுங்கியது. பிறகு போன் வந்தது. லாரிக்குப் பின்னால் போய், சரி சார், சரி சார் என்று பதினோரு தடவை சொன்னார். எண்ணினேன்.’

ரகுபதி படித்தார். முதல் வரியை விடக் கடைசி வரியில் அதிக நேரம் நின்றார். அவர் காது மடல் சிவந்தது. பின்னால் ஒரு லாரி பீப் பீப் என்று ரிவர்ஸ் வந்துகொண்டிருந்தது.

“கம்பெனித் தாள்ல இருக்குறதும் இப்படி எண்ணுனதுதான் சார்” என்றாள் கவியா. இந்தத் தடவை குரல் வந்துவிட்டது. “மாத்தி எழுத மாட்டேன்.”

வெற்றுத்தாள் கட்டைத் திருப்பி நீட்டினாள்.

ரகுபதி நோட்டை மூடி, மேடை மேல் மெதுவாக வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவளுடைய பழைய தாள்களில் ஒவ்வொன்றாக, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். 226 என்று இருந்த இடத்தில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதினார். பிறகு வெற்றுத்தாள் கட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், லாரிகளுக்கு நடுவே நடந்து போனார்.