வெள்ளி இருபதைத் தொட்ட நாள்

மலேசியா ரிங்கிட்டை அங்கே பிழைக்கப் போன நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். முத்துராணிக்கும் அதே பழக்கம், புருஷனிடமிருந்து தொற்றியது. பெருமாள்ராஜ் ஜோகூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் புரோட்டா மாஸ்டர். அவன் விமானம் ஏறிய 2015 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்குப் பதினாறு ரூபாய்கூடத் தேறாத காலம்.

"முப்பதாயிரம் வெள்ளி சேக்கணும். வெள்ளி இருபது ரூவா ஆகணும். ஆறு லச்சம் ஏட்டி! சேரன்மாதேவி பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமா கடை போட்டுருவேன். அன்னைக்கே வந்திருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

முப்பதாயிரம் எப்போதோ சேர்ந்துவிட்டது. இருபதுதான் வருவேனா என்று அடம்பிடித்தது.

பதினெட்டில் வந்தால் என்ன, அறுபதாயிரம்தானே குறையும் என்று கேட்பீர்கள். ஊரிலும் கேட்டார்கள். நன்றாகத்தான் கேட்டார்கள், பிரிந்து கிடந்தது அவர்களா என்ன? நாலு வயதில் விட்டுப் போன மகள் தாவணி கட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். இத்தனையையும் கொடுத்துச் சேர்த்த வெள்ளியைக் குறைந்த ரேட்டில் மாற்றினால், போன வருஷங்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது இரண்டு பேருக்கும்.

முத்துராணிக்கு வேலையும் அதிலேயே அமைந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி வைத்திருக்கும் பணமாற்றுக் கடையில் கவுண்டர். காலையில் பத்தமடையில் பஸ் ஏறி, ஒன்பதரைக்குக் கடை திறந்ததும் வெள்ளைப் பலகையில் அன்றைய ரேட்டை எழுதுவாள். திர்ஹம், ரியால் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியாகத்தான் வெள்ளி. அதை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவாகும்.

வருஷங்களை அவள் அந்த ரேட்டை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தாள். மகள் விஜயஸ்ரீக்கு அம்மை போட்டபோது பதினைந்தேகால். மாமியார் செத்தது கொரோனாவில், பதினேழரைக்கு மேலே. ஒரே மகன் பெருமாள்ராஜ், கொள்ளி வைக்க வர முடியாமல் போனில் பார்த்து அழுதான். இந்தப் பத்து வருஷத்தில் அவன் வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நாற்பது நாள். போன பிறகு அவன் தலையணை உறையைத் துவைக்க அவளுக்கு மனசு வராது.

2024 செப்டம்பர் கடைசியில் வெள்ளி இருபதைத் தாண்டியது. "இருபதரை ஆகட்டும்லா, இன்னும் ரெண்டு நாளு," என்றான் அவன். அவளும் சரி என்றாள். நவம்பரில் பார்த்தால் பத்தொன்பதுக்கும் கீழே. வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த தடவை இருபதைத் தொட்ட நிமிஷமே கிளம்பிவிட வேண்டும் என்று போனிலேயே சத்தியம் வாங்கினாள்.

அடுத்த தடவை 2025 ஜூனில் வந்தது. பலகையில் 20.25 என்று எழுதிவிட்டு, சரிதானா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்துக் கடையில் நல்ல கூட்டம். மாற்றலாமா, பொறுக்கலாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பேட்டை தஸ்மியா, தம்பி பினாங்கிலிருந்து கொண்டுவந்த வெள்ளியை மடியில் முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

"ஏறுமுகமாத்தான் இருக்கு. அவசரப்படாத, பைய மாத்திக்கலாம்," என்றாள் முத்துராணி. ரேட் விஷயத்தில் அவள் சொன்னால் அந்தக் கடையில் அப்பீல் கிடையாது. அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் உண்டுதான்.

பதினொன்றரைக்குப் பெருமாள்ராஜ் கூப்பிட்டான்.

"ராணி, வெள்ளி இருபதேகாலு. பாத்தியா?"

"நாந்தான எழுதுனேன்."

"மொதலாளி பெர்மிட் தாளோட நிக்காரு. கையெழுத்துப் போட்டா இன்னும் ஒரு வருசம். போடலன்னா இந்த மாசத்தோட கெளம்பிரலாம். இப்பமே சொல்லணுமாம். என்ன சொல்லுத?"

வந்திருங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பத்து வருஷமாக அந்த ஒரு சொல்லைத்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். ஆனால் கவுண்டருக்கு முன்னால் ஆறு பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கிடந்ததுதான் வெளியே வந்தது.

"ஏறுமுகமாத்தான் இருக்கு. அவசரப்படாதீங்க."

அந்தப் பக்கம் புரோட்டாக் கல்லில் கரண்டி உரசுவது மட்டும் கேட்டது.

"சரி," என்று வைத்துவிட்டான்.

நாம் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. உறைத்ததும் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கல்லுக்கு முன்னால் நிற்கும்போது அவன் போனைப் பெட்டிக்குள் போட்டுவிடுவான், எடுக்க மாட்டான். பதினான்கு தடவை அடித்துப் பார்த்தாள். "என்னம்மா, உள்ள ஆளுக நிக்காங்க," என்று அண்ணாச்சி சத்தம் போட்டார்.

நாலு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"வந்திருங்க," என்றாள் எடுத்த எடுப்பில். "தெரியாமச் சொல்லிட்டேன். வெள்ளியும் வேண்டாம், கடையும் வேண்டாம். நீங்க வந்திருங்க."

"போட்டுட்டேனே ராணி."

அவள் கவுண்டரை விட்டு வாசலுக்கு வந்தாள்.

"தாள வாங்கி வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். நீ திருப்பிக் கூப்பிடுவேன்னு நெனச்சேன். போன் பெட்டிக்குள்ள கெடந்ததே தோணல. பொறவு, ராணிக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போவுதுன்னு..." என்று இழுத்தான்.

வாசல் படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதாள். பத்து வருஷத்தில் தெருவில் அழுதது அன்றைக்குத்தான்.

வெள்ளி ஏறத்தான் செய்தது. நவம்பரில் இருபத்தொன்றரை. "ஒங்க வாக்கு அப்படியே பலிச்சிட்டுக்கா," என்று தஸ்மியா லட்டு டப்பாவோடு வந்தாள். முத்துராணி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவள் கொடுத்த வெள்ளியை எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மறுபடியும் தப்பியது.