பீங்கான் பால்ரஸ்

அம்புஜவல்லிக்குக் காலையிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பீங்கான் கம்பெனியில் வேலை மேசை முன்னால் உட்கார்ந்து, ப்யூஸ் கேரியரின் ஓரத்தில் பிசிறு தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வீடு மீட்டர் பெட்டிக்குக் கீழே வெள்ளையாக இருக்குமே, கரண்ட் போனால் பிடுங்கிப் பார்ப்போமே, அதுதான். கை ஒழுங்காகத்தான் ஓடியது. மேசைக்கு அடியில் மட்டும் வலது கால் ஒரு மிதி, இடது கால் ஒரு மிதி என்று தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த கனகா குனிந்து பார்த்தாள்.

"எங்கக்கா போயிக்கிட்டிருக்கே? ஸ்ரீமுஷ்ணம் தாண்டிட்டியா?"

"வூட்டுக்குத்தான் போறேன். என் சைக்கிளு இன்னும் சைக்கிளாவே இருக்குதான்னு பார்த்துட்டு வரலாம்னு."

"உன் கொழுந்தன் கையில குடுத்துட்டுல்ல வந்திருக்கே. அதுக்கு இந்நேரம் ரெக்கை முளைச்சிருக்கும்."

கனகா சிரித்தாள். அம்புஜவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. சைக்கிள் இல்லாமல் பஸ்ஸில் வந்துபோவது அந்த வாரம் முழுக்க நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் அவள் ஊர் முக்குக்கு பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. வந்தாலும் ரயில்வே கேட்டில் வந்து நின்றுவிடும். விருத்தாசலம் ஜங்ஷனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து எந்த வண்டி வந்தாலும் அந்தக் கேட்டைச் சாத்தித்தான் தீருவார்கள். பஸ்ஸுக்குள் இருப்பவள் பஸ்ஸோடு நிற்க வேண்டியதுதான். சைக்கிள்காரியோ வண்டியைச் சாய்த்து, தானும் குனிந்து, கம்பிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

இரண்டு தடவை அவள் வந்து சேர்வதற்குள் கம்பெனி கேட் சாத்தியாகிவிட்டது. சூப்பர்வைசர் தர்மராஜ் கத்துகிற மனுஷர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்:

"இன்னொரு தரம் கேட் சாத்தினப்புறம் வந்தீங்கன்னா, அப்படியே திரும்பிப் போயிடுங்கம்மா. உங்க எடத்துக்கு வெளியில ஆளு நிக்கிறாங்க."

வெளியில் ஆள் நிற்பது உண்மைதான். தொழிற்பேட்டை டீக்கடையில் தினமும் நாலைந்து பெண்கள் வேலை கேட்டு நிற்பதை அவளே பார்த்திருக்கிறாள். அவள் புருஷன் பழமலைநாதன் லாரியோடு போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. இந்த வேலை போனால் அடுத்தது களையெடுப்புதான். மழை பெய்தால் அதுவும் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. அதனால்தான் கால் அப்படி மிதித்தது.

இப்போது கொழுந்தன் கோகுல்ராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே அவனைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. தங்கமான பிள்ளை. ஜங்ஷன் பக்கம் இரும்பு கடைகிற ஒரு லேத் பட்டறையில் வேலை. சைக்கிளைக் கண்டால் மட்டும் அவனால் சும்மா இருக்க முடியாது. அதில் ஏதோ குறை இருக்கிறது, உலகம் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டது, தான் வந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று ஓர் எண்ணம்.

முதலில் ஹேண்டில்பாரில் ஒரு சின்ன ஃபேன் வைத்தான். சைக்கிள் ஓட ஓட அது சுற்றும், ஓட்டுகிறவனுக்குக் காற்று வரும் என்றான். சைக்கிள் ஓடினால் காற்று தானே வரும் என்பது யாருக்கும் முதலில் தோன்றவில்லை. தோன்றியவர்களும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். அடுத்து, கைபடாமல் நிற்கிற குடை. மணிமுத்தாறு பாலத்தில் போகும்போது காற்று அந்தக் குடையைப் பிடித்து இழுக்க, அவன் கைப்பிடிச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் மிதிக்க மிதிக்கப் பாடுகிற ரேடியோ. பாட்டு வந்தது, நிஜம். ஆனால் ஏற்றத்தில் மிதிப்பது செக்கு இழுப்பது போல ஆகிவிட்டது. பாட்டை நிறுத்தினால்தான் வண்டி ஏறும்.

இப்படி ஒவ்வொன்றாக ஏறி ஏறி, அவனுடைய சொந்த சைக்கிள் கொட்டகை ஓரமாக நின்றுபோனது. அவன் வேலைக்கு நடந்து போனான்.

இதையெல்லாம் பார்த்த அம்புஜவல்லி தன் சைக்கிளை ஏன் கொடுத்தாள்? கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. அவளுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்று ஒன்றில், எழுதப் படிக்க அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் அங்கங்கே சைக்கிள் பழக ஆரம்பித்த சமயம். ஏரிக்கரையில் கேரியரைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினான். புடவையைச் சுருட்டிக்கொண்டு பார் வைத்த சைக்கிளில் அவள் ஏறியதைப் பார்த்துக் கரையில் இருந்த ஆம்பிளைகள் விசிலடித்தார்கள். "உங்க பொண்டாட்டிய அனுப்புங்க, அவங்களுக்கும் சேர்த்துக் கத்துக்குடுக்கிறேன்" என்று அவன் திருப்பிச் சொன்னதில் விசில் நின்றது. அப்படிப்பட்டவன் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்ல வாய் எப்படி வரும்?

"அண்ணி, இந்தத் தரம் மேல ஒண்ணும் மாட்டப் போறதில்ல. உள்ளாறதான். வெளியில பார்த்தா தெரியவே தெரியாது."

"உள்ளாற என்னா?"

"பால்ரஸ். சக்கரத்துக்குள்ள இரும்புக் குண்டு இருக்குதில்ல, அதுக்குப் பதிலா பீங்கான் குண்டு. துருப்பிடிக்காது, எண்ணெ வேணாம், கிரீஸ் வேணாம். பாதி மிதி மிதிச்சா போதும்."

"மீதிப் பாதி யாரு மிதிக்கிறது?"

"கேலி பண்ணாதீங்க அண்ணி. ராக்கெட்டுலயே பீங்கான் வைக்கிறாங்க. பேப்பர்ல போட்டிருக்குது."

"நான் ராக்கெட்டுல போகல தம்பி. கேட்டுக்கு அந்தாண்ட இருக்கிற கம்பெனிக்குப் போறேன். இருக்கிற சைக்கிளுக்கு என்னா கொறை? மிதிச்சா போவுது, பிடிச்சா நிக்குது."

"கடலூர்லேருந்து ஒரு சைக்கிள் டீலரு வியாழக்கிழமை காலையில வராரு. ஓட்டிக் காட்டணும். என் சைக்கிளப் பார்த்தாருன்னா ஓடியே போயிடுவாரு. முன் சக்கரம் மட்டும் குடுங்க. வியாழக்கிழமை நீங்க அதுலயே வேலைக்குப் போங்க, அவரே பார்த்துக்கட்டும்."

முன் சக்கரம் மட்டும் என்றதில் அவள் மனசு இளகிவிட்டது. சரி என்றாள். சரி என்றதும் அவன் மாதிரிக்கு ஓர் இரும்புக் குண்டைக் கொடுத்து, கம்பெனியில் அச்சு போடும் கலியபெருமாள் மேஸ்திரியிடம் இதைப்போலப் பண்ணித் தரச் சொல்லச் சொன்னான்.

அதைத்தான் மேஸ்திரி சூளையில் மற்ற சாமானோடு வைத்து எடுத்து, அன்று, புதன்கிழமை மத்தியானம், அவள் மேசைக்குக் கொண்டுவந்து தந்தார். வெள்ளை வெளேரென்று, முத்து மாதிரி.

"உருட்டிப் பாரும்மா. ஒண்ணுகூட கோணல் கெடையாது" என்றார்.

அவள் உள்ளங்கையில் கொட்டி உருட்டினாள். அழகாகத்தான் இருந்தன. பஸ்ஸில் போகும்போது டிபன் பாக்ஸுக்குள் அவை கலகலவென்று சத்தம் போட்டன. வீட்டுக்குப் போனதும் சக்கரம் ஓடும், நாளைக்குக் கேட்டுக்கு அடியில் புகுந்து போய்விடலாம் என்று அவளுக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது.

கோகுல்ராஜ் வாசலில் சாக்கை விரித்து, சக்கரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். குண்டுகளை ஒவ்வொன்றாக, சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பின் குழியில் வைத்தான். உட்காரவில்லை. குழியின் விளிம்பில் ஏறிக்கொண்டு, கோழி முட்டையின்மேல் உட்கார்ந்த மாதிரி நின்றன. அமுக்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மூடி மாட்டி முடுக்கியதும் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் பிடித்துக்கொண்டது.

"பெருசா இருக்குது அண்ணி."

"நீ குடுத்த அளவுதானே?"

"நான்..." என்று அவன் தயங்கினான். "நான் குடுத்ததே கொஞ்சம் பெருசு. மண்ணு வெந்தா சுருங்கும்னு சொல்லுவாங்கல்ல. அதுக்காக ஹப்புல இருந்தது இல்லாம, பெருசா ஒண்ணு பார்த்து மாதிரிக்குக் குடுத்தேன்."

அம்புஜவல்லி தலையில் கை வைத்தாள். பீங்கான் கம்பெனியில் மாதிரி என்றால் வெந்து வந்தபின் இருக்க வேண்டிய அளவு. சூளையில் சுருங்கப்போகிற அளவை முன்கூட்டியே சேர்த்து அச்சு போடுவதுதான் சுருக்கம் விடுவது; அது அச்சு போடுகிறவர் பொறுப்பு. கலியபெருமாள் மேஸ்திரி சுருக்கம் விடாமல் ஓர் அச்சும் போட்டதில்லை, போடவும் வராது. அதோடு முடிந்ததா? குண்டைக் கொடுக்கும்போது அவளும் வாய் சும்மா இருக்காமல், "சுருக்கம் விட்டுக்குங்க மேஸ்திரி" என்று சொல்லித் தொலைத்தாள். பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு அது, போயிட்டு வரேன் என்பதுபோல ஒரு பழக்கம். தையல்காரரிடம் ரவிக்கை அளவு கொடுத்தாலும் சுருக்கம் விட்டுக்குங்க என்றுதான் வாயில் வரும். மேஸ்திரி என்ன நினைத்திருப்பார்? நாம் எப்போதும் விடுவோம் என்று இவளுக்குத் தெரியும், தெரிந்தும் தனியாகச் சொல்கிறாள் என்றால் இன்னும் ஒரு பங்கு கேட்கிறாள் என்று சேர்த்து விட்டிருப்பார். ஆக, ஒரே குண்டுக்கு ஆளுக்கு ஆள் சுருக்கம் விட்டிருக்கிறார்கள். எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்தார்கள்.

"அப்ப எம்மேலயும் தப்பு இருக்குது" என்றாள்.

"தப்பு யார் மேலயும் இல்ல அண்ணி. ஹப்பு மேலதான் தப்பு. அது சின்னதா இருக்குது." கோகுல்ராஜின் கண்ணில் மறுபடியும் அந்த வெளிச்சம் வந்துவிட்டது. "காலையில பட்டறையத் தெறந்ததும் லேத்துல மாட்டி இந்தக் குழியக் கொஞ்சம் பெருசு பண்ணிட்டா கச்சிதமா உக்காந்துடும். அரை மணி நேரம்."

அவளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றியது. ஆனால் குண்டு பெருத்ததில் தன் பங்கும் இருக்கிறதே. அண்ணி கெடுத்துவிட்டாள் என்று அவன் வாயால் சொல்லவில்லை. சொல்லாததுதான் சங்கடம். உலை வைக்கப் போனாள். அடுப்படியில் நின்றுகொண்டு, வாசலுக்கு வந்து சக்கரத்தைப் பார்ப்பதும், உள்ளே போவதும், மறுபடி வருவதுமாக இருந்தாள். சோறு குழைந்துவிட்டது.

விடிந்தும் விடியாத நேரத்தில் அவள் எழுந்து வாசலுக்கு வந்தபோது, கோகுல்ராஜ் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். முன் சக்கரம் இல்லாத சைக்கிள் முட்டிபோட்ட மாடு மாதிரி சுவரில் சாய்ந்திருந்தது.

"தம்பி, நில்லு. கொழிய வெட்டிட்டா, பெறகு பழைய குண்டு அதுல உக்காருமா?"

"எதுக்கு அண்ணி பழைய குண்டு?"

"உக்காருமா, உக்காராதா?"

"உக்காராது. லொடலொடன்னு ஆடும்."

"அந்தப் பீங்கான் குண்டு ஒண்ணு ஒடைஞ்சா?"

"ஒடையாது."

"நான் தெனமும் பீங்கான்தான் தொடுறேன் தம்பி. ஒடைஞ்சத அள்ளிக் கொட்டுறதுக்குன்னே ஒரு மூலை இருக்குது. ஒண்ணு ஒடைஞ்சா நடுரோட்டுல எந்த சைக்கிள் கடையில கேக்குறது? மேஸ்திரி மறுபடி அச்சு போட்டு, சூளை வெச்சு, எடுத்து, அதுவரைக்கும் தர்மராஜ் சாரு எனக்காகக் கேட்டத் தொறந்து வெச்சிருப்பாரா?"

"அண்ணி, இன்னிக்குத்தான் வியாழக்கிழமை, டீலரு இப்ப வந்துடுவாரு. இந்த ஒரு தரம்..."

"ராஜாங்கம் சைக்கிள் கடையில இந்த இரும்புக் குண்டு இருக்குது. வேப்பூருல இருக்குது. எந்த ஊருக்குப் போனாலும், பஞ்சர் ஒட்டுறவன் டப்பாவத் தொறந்தா இருக்குது. அதுக்கு மேல என்னா வேணும்? உன் கண்டுபிடிப்பு எல்லாத்துக்கும் பின்னால நீ வரணும் தம்பி. இதுக்குப் பின்னால யாரும் வர வேணாம். நான் தனியா போறதுக்குத்தானே கத்துக்கிட்டேன்."

அவன் சக்கரத்தை இறக்கவில்லை. முகம் சிறுத்துப்போனது. அவள் சத்தம் போட்டு அரட்டியிருந்தால் அவனும் அரட்டியிருப்பான். அவள் குரல் ஏறவே இல்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னைய நம்பல நீங்க."

"உன்ன நம்பித்தான் ஏறுனேன், ஏரிக்கரையில. இப்ப எனக்கு இது வேணும். எப்பிடி இருந்ததோ அப்பிடியே வேணும். பழைய குண்டு எங்க?"

அவன் சக்கரத்தைத் தோளிலிருந்து இறக்கினான். பிறகு கொட்டகைக்குள் போய், மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்த பழைய குண்டுகளைச் சிரட்டையோடு எடுத்து வந்தான். சாக்கை விரித்தான். துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தான். கிரீஸைத் தடவி, குழியில் வைத்து, மூடியை முடுக்கினான். அவள் பக்கத்தில் நின்றபடியே, ரோட்டைப் பார்ப்பதும் அவன் விரலைப் பார்ப்பதுமாக இருந்தாள். பஸ் முக்கில் ஹாரன் அடித்தது. அவள் அதற்கு ஓடவில்லை.

அவன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு தட்டு தட்டினான். அது சுற்றியது. சத்தமில்லாமல், நிற்கிற எண்ணமே இல்லாததுபோல் சுற்றிக்கொண்டேயிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். கோகுல்ராஜ்தான் முதலில் கண்ணை எடுத்தான்.

"சனியன், நல்லாத்தான் சுத்துது" என்றான்.

டிபன் பாக்ஸை ஹேண்டில்பாரில் மாட்டி, புடவையைச் செருகிக்கொண்டு அவள் ஏறினாள். மணி ஏறிக்கொண்டிருந்தது. மிதித்துத்தான் ஆக வேண்டும்.

"அண்ணி, அந்தாளு வந்து சைக்கிளு எங்கன்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

"வேலைக்குப் போயிருக்குதுன்னு சொல்லு."

தெரு முனை திரும்புகிற நேரத்தில் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. ஓடி வந்துகொண்டே பேசுகிறான் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது.

"முன் சக்கரம் லேசா ஆடும் அண்ணி. சாயந்திரம் வந்ததும் நான் ஒரே ஒரு..."

"சாயந்திரம் அதுக்குக் கிட்டக்கூட வராத" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு, கம்பெனி கேட் சாத்துவதற்குள் போய்ச் சேர மிதித்தாள்.