கோரைத்திடலின் மாற்றுச் சான்றிதழ்

கீழமருதவாயில் கோரைத்திடல் என்ற, ஆறரை ஏக்கருக்கு மேல் வரும் ஒரு வேலி நஞ்சையில் ஒன்பது ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நெல் வளரவில்லை. பக்கத்து வயல்களில் வளர்ந்தது. கோரைத்திடலில் மட்டும், சனிக்கிழமை முழங்கால் உயரம் இருந்த பயிர் திங்கட்கிழமை காலை முதல் மணி அடிக்கும்வரை அதே முழங்கால் உயரத்தில் நின்றது. குத்தாலத்திலிருந்து உரக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு மண்ணில் சத்துக் குறைவு என்றார். அவர் வந்தது புதன்கிழமை என்பதால் அவர் கண்ணெதிரிலேயே பயிர் வளர்ந்தது. ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அது பள்ளிக்கூடத்து வயல், ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, அவ்வளவுதான்.

அது பள்ளிக்கூடத்து வயலான கதை இப்படி. நில உச்சவரம்பைச் சர்க்கார் பாதியாகக் குறைத்தபோது மிராசுதார் துரைக்கண்ணு தம் நிலங்களுக்குப் பெயர் தேடினார். மனைவி பூவம்மாள் பேரில் கொஞ்சம், மலேயாவில் இருந்த மைத்துனர் பேரில் கொஞ்சம், காலமாகி எட்டு வருஷமான மாமனார் பேரில் கொஞ்சம் என்று எழுதிய பிறகும் கோரைத்திடல் மிஞ்சியது. கல்விக்கென்று விட்ட நிலத்தைச் சட்டம் தொடாது என்று தாலுகா அலுவலகத்தில் வேண்டியவர் ஒருவர் காதில் போட்டார். தகப்பனார் தொடங்கிய உயர்நிலைப் பள்ளிக்குத் துரைக்கண்ணுதான் தாளாளர். ஆகவே கோரைத்திடல் அந்தப் பள்ளியின் விவசாயப் பிரிவாயிற்று. வரப்பில் ‘ஒன்பதாம் வகுப்பு, இ பிரிவு’ என்று பலகை நட்டார்கள். வகுப்பென்றால் மாணவர்கள் வேண்டும். அந்த வயலில் நடவும் அறுப்பும் செய்துகொண்டிருந்த பத்தொன்பது பேரும் ஒரே காலையில் மாணவர்கள் ஆனார்கள். ஒரு பிரிவுக்கு இருபது பேர் வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியர் ஜெக்கரியா கர்த்தருக்கு அடுத்தபடியாகக் கல்வித்துறை விதிகளுக்குப் பயந்தவர். சில நாள் அந்த வரிசை மாறுவதும் உண்டு. வயலின் சிட்டாவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு சேர்க்கைப் பதிவேட்டை நிரப்பியவர், இருபதாவது இடத்தில் வயலையே எழுதிவிட்டார். பெயர், கோரைத்திடல். தகப்பனார் பெயர், துரைக்கண்ணு. பிறந்த தேதி, கிரயப் பத்திரம் பதிவான தேதி. துரைக்கண்ணு எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை.

பத்தொன்பது பேரில் ஒருத்தி அம்சம். பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்த வயலில் நட்டவள். உச்சவரம்பில் மிஞ்சுவது உழைக்கிறவர்களுக்குத்தான் என்று செங்கொடிச் சங்கத்தார் தெருவில் வந்து சொன்ன அன்றே, மதகை ஒட்டிய வடகிழக்கு மூலையைத் தனக்கென்று மனதில் குறித்துக்கொண்டு, அங்கே ஒரு முருங்கைக் கொம்பை ஒடித்து ஊன்றிவிட்டு வந்தாள். கொம்பு துளிர்த்தது. அதற்குள் பலகை வந்துவிட்டது. முருங்கை, பள்ளித் தோட்டம் என்று எழுதப்பட்டது. கூலி கேட்டுப் போனவர்களிடம், எந்த நாட்டில் மாணவனுக்குக் கூலி கொடுக்கிறார்கள் என்று துரைக்கண்ணு வருத்தத்தோடு கேட்டார். மத்தியானம் கோதுமை உப்புமா உண்டு என்றார். சங்கத்தார் மறியல் செய்தார்கள். மாணவர்களைப் போராட்டத்துக்குத் தூண்டியதாக அவர்கள்மேல் வழக்கு வந்தது.

அம்சம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எல்லோரும் படித்து முடித்து வெளியேறிவிட்டால் பிரிவில் ஆளில்லை. ஆளில்லை என்றால் பிரிவில்லை. பிரிவில்லை என்றால் வயல் மறுபடியும் வயல், சர்க்கார் அதை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். துரைக்கண்ணுவின் வாசலுக்குப் போய் நின்றாள்.

“படிச்சு முடிச்சா வெளிய உட்டுருவீங்கல்ல, ஆண்டே?”

“ஆண்டே இல்ல, தாளாளர். முடிச்சா உடாம ஒன்னைக் கட்டியா வச்சுக்கப்போறேன்? முடி, பாப்போம்.”

“சரிங்க தாளாளர். முடிச்சுடுறேன்.”

முடிப்பது எளிதாக இல்லை. ஜெக்கரியா வரப்பில் நின்று மணியடித்தார். முதல் மணிக்கு வாய்க்காலிலிருந்து தண்ணீர் மடையேறி வந்து வரிசையாக நின்றது. நீண்ட மணிக்குப் பாய்வதை நிறுத்தியது. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் பயிர் வெளுத்தது, தேர்வு முடிந்தால் பச்சை பிடித்தது. கோடை விடுமுறையில் விதைத்த விதை ஜூன்வரை முளைக்காமல் காத்திருந்தது. சென்னையில் தலைவர் யாராவது காலமாகிப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் கதிரில் பால் பிடிப்பதும் அன்றைக்கு நின்றது. வகுப்பறையில் முதலமைச்சர் படம் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது வயலின் நடுவில் ஒரு கம்பு நட்டுப் படத்தை மாட்டினார்கள். ஆட்சி மாறியபோது படமும் மாறியது. நெல் கொத்த வந்த குருவிகள் இரண்டு படத்துக்கும் ஒரே அளவில்தான் பயந்தன. விளைச்சல் பாதியானது. துரைக்கண்ணு ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு வைக்கச் சொன்னார். பயிர் வந்தது, ஆனால் மனமில்லாமல் வந்தது. அந்தப் போகத்து நெல்லில் பாதி பதர்.

தேர்வும் இருந்தது. மற்றவர்கள் வரப்பில் உட்கார்ந்து எழுத, வயலின் விடைத்தாளை ஜெக்கரியா மடையோரம் கல் வைத்துப் பறக்காமல் வைப்பார். மாலையில் எடுக்கும்போது தாள் கொஞ்சம் ஈரமாக இருக்கும். எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். கணக்கில் அது நன்றாகச் செய்தது. ஆங்கிலத்தில் பத்தொன்பது பேரைப் போலவே அதுவும் தட்டுத்தடுமாறியது.

வேலைக்கு ஆயத்தமாகாமல் பள்ளியை விட்டுப் போகக் கூடாது என்று ஒரு விதி வந்தது. ஆளுக்கொரு கைத்தொழில் கற்க வேண்டும். நடவாட்கள் பத்தொன்பது பேரும் தக்களியில் நூல் நூற்றார்கள். அடுத்த ஆண்டு நூல் போய் நீதிபோதனை கட்டாயமானது. அதற்கடுத்த ஆண்டு வருகைப்பதிவு: நடவு நாட்களில் வயலில் குனிந்திருந்தவர்கள் கட்டடத்தில் நடந்த தமிழ் வகுப்புக்கு வரவில்லை என்று துரைக்கண்ணு சுட்டிக்காட்டி எல்லோரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைத்தார். தஞ்சாவூரிலிருந்து வேலை வழிகாட்டும் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, சேறு படாத இடமாகப் பார்த்து நின்று, தட்டச்சுக்காரர், வங்கி எழுத்தர், மருந்துக்கடை உதவியாளர் என்று பள்ளி இறுதி தேறியவர்களுக்கு உள்ள வேலைகளைச் சொன்னார். வயல் வேலைக்குத் தேற வேண்டுமா என்று அம்சம் கேட்டாள். வேண்டியதில்லை, ஆனால் தேறியவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்றார் அதிகாரி. அம்சத்தின் புருஷன் வேம்பு அன்று தேர்வை விட்டுவிடுவதாகச் சொன்னான்.

“அசோகரு மரம் நட்டா என்னா, நடாட்டி என்னா? நாளைக்கு நாத்துப் பறிக்கிறவன்கிட்ட எந்தச் சாலையில நட்டாருன்னா கேக்கப்போறான்?”

“அவரு சும்மாவா நட்டாரு,” என்றாள் அம்சம். “நட்ட எடம் அவரோடது. படி பேசாம.”

பதினொன்றாம் வகுப்பை ஒழித்துப் பத்தாம் வகுப்பே பள்ளி இறுதி என்று சர்க்கார் மாற்றிய ஆண்டில் அவர்கள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தார்கள். ஆகவே எல்லோரும் ஒரு வகுப்பு கீழே இறங்கினார்கள். பயிரும் ஒரு சாண் கீழே இறங்கியது. ஊரில் பலர் இனி நடக்காது என்றார்கள். அம்சம் அதில் ஒரு நன்மையைப் பார்த்தாள். புதிய தேர்வின் விடைத்தாள்கள் அத்தனையும் வெளியூருக்குப் போயின. அங்கே திருத்துகிறவருக்குத் துரைக்கண்ணு யாரென்றே தெரியாது. அந்த வருஷம் களையெடுக்கும்போது பெண்கள் குலவைக்குப் பதிலாக ஆங்கில வினைச்சொற்களைச் சொன்னார்கள். ஒருத்தி ‘கோ’ என்றால் வரிசை முழுக்க ‘வெண்ட், கான்’ என்று எதிரொலித்தது. வேம்புவும் கடைசி வரிசையில் நின்று சொன்னான். பயிர் காற்றில்லாத நேரத்திலும் தலையாட்டியது.

இருபது பேரும் தேறினார்கள். அம்சம் ஆங்கிலத்தில் மயிரிழையில் தப்பினாள். கோரைத்திடல் முதல் வகுப்பு.

சான்றிதழ் கொடுக்கும் நாளில் அம்சம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனாள். தலைமையாசிரியர் அறை வாசலில் கொள்ளிடத்துப் பக்கத்து ஆட்கள் இருபது பேர் குந்தியிருந்தார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்பதாம் வகுப்பு இ பிரிவில் சேர வந்திருக்கிறோம் என்றார்கள். கையில் அரிவாள் இருந்தது. அம்சத்துக்குப் புரிந்தது. தாங்கள் போனால் இவர்கள்; இவர்கள் போனால் வேறு யாரோ. பிரிவு ஒரு நாளும் காலியாகாது, வயல் ஒரு நாளும் வயலாகாது. ஒன்பது ஆண்டுப் படிப்பில் அவள் போட்ட முதல் கணக்கே தப்பு. துரைக்கண்ணு அன்று நல்ல மனநிலையில் இருந்தார். கூலி கேட்கிற பழைய மாணவர்கள் ஒழிந்தால் போதும் என்று, ஜெக்கரியா நீட்டிய மாற்றுச் சான்றிதழ்கள் அத்தனையிலும் வெற்றிலை மென்றபடி கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

ஜெக்கரியா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கொடுத்தார். அம்சம் தன்னுடையதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கப் போனாள். மேசைமேல் இன்னும் ஒரு தாள் இருந்தது.

“இருபதாவது ஆளு வரலியா?” என்றார் ஜெக்கரியா.

அம்சம் நின்றாள். சன்னல் வழியே கோரைத்திடலைப் பார்த்தாள். அது மே மாதத்து வெயிலில் வெடித்துக் கிடந்தது.

“அதுக்கும் உண்டாங்க சார்?”

“தேறுனவங்களைப் பள்ளிக்கூடத்துல வச்சிருக்க விதி இல்லம்மா. கையெழுத்தும் ஆயிப்போச்சு.”

“அது வயல்ல இருக்கு. நான் வாங்கிட்டுப் போயிக் குடுத்துடுறேன்.”

“நீங்க அதுக்கு என்ன வேணும்?”

“கூடப் படிச்சவங்க.”

ஜெக்கரியா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். உடன் பயின்றவர் மூலம் கொடுத்தனுப்பக் கூடாது என்று எங்கும் இல்லை. நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். அம்சம் அதை வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோய், முருங்கை அடியில் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்தாள். பிறகு மடித்து வரப்பில் கல் வைத்துவிட்டு, தன் தெருவுக்கு எந்த வழியாக வர வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் கோரைத்திடல் இல்லை. பள்ளிக்குத் தெற்கே ஒரு வேலிப் பரப்புக்கு இடுப்பளவுப் பள்ளம் இருந்தது. அதன் கரையில் பலகையும், கம்பில் முதலமைச்சர் படமும், சேர வந்த இருபது பேரும் நின்றார்கள். வயல் வாய்க்காலைத் தாண்டி, அம்சத்தின் தெருவுக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த களர்மேட்டின் மேல் வந்து படுத்திருந்தது. வரப்பு கலையவில்லை. மதகு கூடவே வந்திருந்தது. முருங்கை வடகிழக்கில்தான் இருந்தது. வழியில் தாசில்தார் வீட்டுக் கோழிக்கூண்டு ஒன்று மட்டும் நசுங்கியிருந்தது, கோழிகளுக்கு ஒன்றுமில்லை.

துரைக்கண்ணு தாசில்தாரிடம் போய்த் தன் நிலத்தை மீட்டுத் தரச் சொன்னார். கோரைத்திடல் நிலம் அல்ல, கல்வி என்று அவரே எழுதிக் கொடுத்த பிரமாணப் பத்திரத்தைத் தாசில்தார் எடுத்துக் காட்டினார். நிலம்தான் என்று இப்போது எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயார். ஆனால் நிலமென்றால் உச்சவரம்பில் மிஞ்சியது, பத்தொன்பது பேருக்குப் பிரித்துவிடுவோம் என்றார். போலீஸ் நிலையத்தில், தகப்பன் என்ற முறையில் காணாமல் போன புகார் வாங்கினார்கள். விசாரித்துவிட்டு, படித்து முடித்தவர் தம் விருப்பப்படி கூடப் படித்தவர்களோடு இருக்கிறார் என்று முடித்துவிட்டார்கள். பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியது. அதை மீன் வளர்ப்புப் பிரிவாக்கலாம் என்று யோசனை சொன்னவரைத் துரைக்கண்ணு வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்றார்.

பத்தொன்பது பேரும் வயலைப் பிரித்துக்கொண்டார்கள். அம்சத்துக்கு வடகிழக்கு மூலை. அந்தக் குறுவைக்கு முன்னால் வேம்பு வரப்பில் நின்று, கல்லூரிக்குப் போகிறாயா, வேலை பார்க்கிறாயா என்று அதனிடம் கேட்டான்; மறுநாள் விதை முளைத்திருந்தது. தஞ்சாவூர் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கோரைத்திடல் பெயருக்கு இப்போதும் அட்டை வருகிறது, பெரும்பாலும் தட்டச்சு வேலைக்கான நேர்காணல். தபால்காரர் அதை நேரே அம்சத்திடம் கொடுத்துவிடுகிறார். வேறு வேலை கிடைத்துவிட்டது என்று அவள் பதில் எழுதிப் போடுகிறாள். பெரும்பாலும் அதை ஞாயிற்றுக்கிழமை, வரப்பில் உட்கார்ந்து எழுதுகிறாள். எழுதி முடிப்பதற்குள் பயிர் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கும்.