அடைப்புக்குறிகளை நீக்கினால் உறைந்துவிடும் கதை

1

இந்தக் கதை இலக்கிய தாகத்தால் பிறக்கவில்லை. என் மடிக்கணினி தூங்கப் போய், பிறகு எழுந்திருக்கவில்லை. அதனால் பிறந்தது.

மனிதத் தனிமையைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். கனமான ஒரு வாக்கியத்தை முடித்த பெருமிதத்தில் மூடியை மெல்லச் சாத்திவிட்டு ஜன்னல் வழியே தொலைவைப் பார்த்தேன். (எழுத்தாளன் தொலைவைப் பார்க்க வேண்டும் என்பது விதி. என் ஜன்னலுக்கு எதிரே இருப்பது பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்.) திரும்பி வந்து மூடியைத் திறந்தால் திரை கறுப்பு. ஓரத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. தட்டினேன், தடவினேன், ஒரு கட்டத்தில் மன்னிப்பும் கேட்டேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

நண்பனின் மனைவி வந்து பார்த்தாள். அவளுக்குத் தொழிலே இதுதான். பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்தாள். இயந்திரம் உயிர் பெற்றது. நாவலின் கடைசி அத்தியாயம் பெறவில்லை.

"சேவ் பண்ணலையாண்ணா?"

"உணர்ச்சி வேகத்துல எழுதிட்டிருந்தேம்மா."

"அது மெஷினுக்குத் தெரியாதுல்ல?"

பிறகு, ஆறுதலுக்காக, தான் சிக்கித் தவிக்கும் இன்னொரு பெட்டியைப் பற்றிச் சொன்னாள். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டதும் என் துக்கம் பறந்துவிட்டது. அந்தக் கஷ்டத்தை நான் கதைக்கு எடுத்துக்கொண்டேன். அவள் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்:

"உறக்கம் என்பது மரணத்தின் ஒத்திகை என்று அவள் அறிந்திருந்தாள், ஆயினும்..."

(நிறுத்தினேன். 'ஆயினும்' போட்டபிறகு என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

"அலுவலகத்தில் அவளைத் தூக்கம் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள்."

இது பரவாயில்லை. அந்தப் பெயருக்குக் காரணமும் உண்டு. இயங்குதளத்தின் நடுக்கருவுக்குக் கெர்னல் என்று பெயர். பொத்தான், அழைப்பை அனுப்பும் ரேடியோ, ஒலிபெருக்கி என்று பெட்டியின் ஒவ்வோர் உறுப்பையும் மேய்க்க ஆளுக்கொரு சின்ன நிரல் உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். வேலை இல்லாதபோது பேட்டரியை மிச்சப்படுத்த, கெர்னல் ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டு "நீ படு" என்னும். எல்லோரும் படுத்தபின் தானும் படுக்கும். யாராவது ஒருவர் பாதி படுத்து, பாதி எழுந்து நின்றுவிட்டால் மொத்த வீடும் அப்படியே உறைந்துவிடும். இந்தப் படுக்கையறைப் பஞ்சாயத்துதான் அவள் பொறுப்பு.

அவளுடைய நிறுவனம் செய்வது உள்ளங்கை அளவு பெட்டி. எழுந்து நடக்க முடியாதவர்களின் தலைமாட்டில் வைப்பது. அதில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் வீட்டார் போனில் மணி அடிக்கும், பேசலாம். பேசி முடித்ததும் பெட்டி தூங்கப் போகும். மறுபடி அழுத்தினால் எழும்.

சில சமயம் எழாது. பச்சை விளக்கு மட்டும் எரியும். (நான் போன பல அலுவலகங்களிலும் அப்படித்தான்.)

3

அவளுடைய மாமியார் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவர். பகலில் வீட்டில் தனியாக இருப்பவர். சோதனைப் பெட்டி ஒன்றை அவர் தலைமாட்டில் வைத்திருந்தாள். அலுவலகத்தில் எத்தனை முறை அழுத்தினாலும் உறையாத பெட்டி, அத்தையிடம் மட்டும் உறைந்தது.

"ஏம்மா, உன் பொட்டி செத்துப்போச்சு."

"சாகல அத்தை, தூங்குது."

"தூங்கறதை எழுப்பத்தானே பட்டன் வெச்சிருக்கே?"

"ஆமா அத்தை."

"எம் புள்ளையவும் தொட்டா எழுந்திருப்பான்னு நெனச்சுத்தான் வளத்தேன். இது அவனுக்குத் தம்பி போலிருக்கு."

(என் நண்பன் இந்த வரியை நீக்கச் சொன்னான். நீக்கவில்லை.)

அவள் ஒரு விடுமுறை நாள் முழுக்கப் போனும் கையுமாக அறை வாசற்படியில் உட்கார்ந்து அத்தையைக் கவனித்தாள். அத்தை அழுத்தினார்: "ஏம்மா, போர்வை." அவள் சரி என்றாள். இணைப்பு அறுந்தது. அறுந்த மாத்திரத்தில் அத்தை மறுபடி அழுத்தினார்: "தண்ணியும்." இன்னொரு தடவை, ஜன்னலைச் சாத்தச் சொன்னார், கையோடு மறுபடி அழுத்தி, கொஞ்சமாகச் சாத்தச் சொன்னார். ஒருவர் கிளம்பிய பிறகுதான் அவரிடம் சொல்ல வேண்டியது நினைவுக்கு வரும் இல்லையா? அத்தைக்கு அது தவறியதே இல்லை.

அவளுக்குப் பொறி தட்டியது. அலுவலகத்துப் பரிசோதகர்கள் பண்பட்டவர்கள். அழுத்துவார்கள், பேசுவார்கள், பெட்டி முழுசாகத் தூங்கும்வரை கை கட்டிக் காத்திருப்பார்கள், அப்புறம் அழுத்துவார்கள். அவர்களில் ஒருவருக்கும் இரண்டாவதாகக் கேட்க எதுவும் இருந்ததில்லை. பெட்டி படுக்கப் போய்க்கொண்டிருக்கும் அந்த அரைகுறை நேரத்தில் அவர்கள் யாரும் அழுத்தியதே இல்லை.

4

இனி கொஞ்சம் தொழில்நுட்பம். (தாண்டிப் போகலாம். என் நாவலின் இயற்கை வருணனைகளைத் தாண்டிப் பழகியவர்களுக்கு இது கஷ்டமாக இராது.)

உறைந்த பெட்டியைத் துப்பறிவதில் ஒரு கொடுமை உண்டு. அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிக் காட்ட வெளியே இணைத்த திரையும் அதனோடு சேர்ந்தே தூங்கப் போய்விடும். கடைசி வார்த்தை யாருக்கும் கிடைக்காது. ஆகவே இந்தத் தொழிலில் எல்லோரும் ஒன்று செய்வார்கள்: நிரலின் வழிநெடுக, "இந்த இடம்வரை வந்தாயிற்று" என்று நினைவகத்தில் குறித்துவைக்கும் வரிகளைச் சொருகுவார்கள். அதற்கு லாக் என்று பெயர். பிறகு எந்த வரியோடு சத்தம் நின்றது என்று பார்ப்பார்கள்.

அவள் பொத்தான் டிரைவருக்குள் ஒரு வரியைச் சொருகினாள். அது சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இங்கே வந்துட்டேன்.

சொருகினாள், பெட்டி உறையவில்லை. அத்தை மாதிரியே படபடவென்று அழுத்தினாள், உறையவில்லை. வரியை எடுத்தாள், உறைந்தது. மறுபடி போட்டாள், சமர்த்தாக எழுந்தது. டாக்டரைக் கண்டதும் இறங்குகிற காய்ச்சல்.

காரணம் அவளுக்குப் பாதி புரிந்தது. ரேடியோ படுத்துக்கொண்டிருக்கும்போது பொத்தான் போய் எழுப்பினால், ரேடியோ "முதல்ல நீ உன் வேலையை முடி" என்று நிற்கிறது. பொத்தான் "முதல்ல நீ எழு" என்று நிற்கிறது. (சண்டைக்குப் பிறகு கணவனும் மனைவியும் யார் முதலில் பேசுவது என்று... வேண்டாம், இந்த உவமையை எல்லோரும் போட்டுவிட்டார்கள்.) "இங்கே வந்துட்டேன்" என்று எழுதப் பொத்தானுக்கு ஒரு கண நேரம் பிடிக்கிறது. அந்தக் கணத்துக்குள் ரேடியோ முழுசாகப் படுத்துவிடுகிறது. படுத்தவரை எழுப்பலாம். படுக்கப் போகிறவரை எழுப்புவதில்தான் வம்பு.

அதாவது அந்த வரி எதையும் சரிசெய்யவில்லை. பேசி நேரத்தை ஓட்டியது, அவ்வளவுதான்.

5

இப்போது அதிகாரியைக் கொண்டுவர வேண்டும். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தொலைநோக்கு. எந்தக் கூட்டத்திலும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் அவர் உட்கார்ந்ததில்லை. மேசைமேல் மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்டு அதைத் தேடாமலும் இருந்ததில்லை.

"இப்ப உறையலல்ல?"

"உறையல சார். ஆனா ஏன் உறையலன்னு பாத்தா, உள்ள இன்னும் தப்பு இருக்கு. ஒரு வாரம் குடுத்தீங்கன்னா..."

"மேடம், டெஸ்ட் பாஸா, ஃபெயிலா?"

"பாஸ். அந்த வரி இருக்கறதால."

"அப்ப இருந்துட்டுப் போகட்டுமே! ஒரு வரி என்ன சோறா கேக்குது?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். வெளியீட்டுக்கு முன்னால் லாக் வரிகள் எல்லாவற்றையும் இயந்திரமே வழித்து எடுத்துவிடும் என்பது அந்த நிறுவனத்தில் நாற்காலி மேசைக்குக்கூடத் தெரியும். இவ்வளவு கெட்டிக்காரிக்கு அது எப்படி மறந்துபோகும்? பாத்திரம் பொய்யாகிவிடாதா? நண்பனின் மனைவிக்குப் போன் செய்தேன்.

"நீயா இருந்தா மறப்பியாம்மா?"

"நான் எப்படிண்ணா மறப்பேன், சோறு போடற வேலையாச்சே." பிறகு தானே திருத்தினாள். "கை தட்டினாங்கன்னா மறப்பேன்."

தட்டினார்கள். அன்றைக்கே தட்டினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. முதன்மைப் பொறியாளர் பதவி அவளுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. உண்மையான காரணத்தை அடுத்த வாரம் தேடிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். (எல்லோருக்கும் ஓர் அடுத்த வாரம் உண்டு. என் நாவல் அங்கேதான் வசிக்கிறது.)

6

வெளியீட்டு நாள், பெரிய அறை. நீள மேசை, பெரியவர்கள், யாரும் தொடாத பிஸ்கட். புதிய பதிப்பு அன்று காலையிலேயே சோதனைப் பெட்டிகளுக்கெல்லாம் தானாக இறங்கியிருந்தது. அத்தையின் தலைமாட்டுப் பெட்டிக்கும்தான்.

தொலைநோக்கு மைக்கைப் பிடித்தார். "விழிப்பு! நாம விக்கிறது பெட்டி இல்ல, விழிப்பு..."

அவள் மடியில் போன் அதிர்ந்தது. குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள்.

"சொல்லுங்க அத்தை."

"மோட்டாரை நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டுத்தான் வந்தேன்."

"சரி, வெச்சுடு."

அவள் போனைக் கீழே வைக்கவில்லை. இரண்டாவது மணிக்காகக் கையிலேயே வைத்திருந்தாள். அது எப்போதும் உடனே வரும்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றார் தொலைநோக்கு. "இவ்ளோ சுத்தமான ரிலீஸ் நம்மகிட்ட வந்ததே இல்ல. லாக் வரி ஒண்ணுகூட மிச்சம் இல்லாம எடுத்தாச்சு. இதுக்குக் காரணமானவங்க, நம்ம புது முதன்மைப் பொறியாளர்..."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள், கை தட்டினார்கள். இந்தத் தடவை அவளுக்கு மறக்கவில்லை.

போன் அடிக்கவில்லை.

7

முடிவுகள் கைவசம் உள்ளன.

ஒன்று: அவள் எழுந்து, "சார், அந்த வரியும் போயிடுச்சு. பெட்டி உறையும். வெளியீட்டை நிறுத்துங்க," என்கிறாள். பதவி போகிறது, பெட்டிகள் பிழைக்கின்றன, பின்னணியில் வயலின். (ஒரு ஆள் உண்மை பேசுவதற்கு இவ்வளவு வெளிச்சம் போட்டால் எனக்கே கண் கூசுகிறது.)

இரண்டு: அவள் சிரித்து, கைகூப்பி, உட்கார்ந்துவிடுகிறாள். அங்கே அத்தை... இதை எழுத மாட்டேன். அசல் அத்தை என் கதைகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறவர். "என்னை எதுக்குடா கொன்னே?" என்று கேட்டால் எந்த விமர்சகரிடம் போய் நிற்பது?

மூன்று: அத்தைக்கு அன்று உண்மையாகவே இரண்டாவதாகச் சொல்ல ஒன்றுமில்லை. (இதை நம்புகிறவர்கள் அத்தையை அறியாதவர்கள்.)

இதற்கிடையே இதழாசிரியரிடமிருந்து போன். "கதை நல்லா இருக்கு சார். நடுநடுவுல அடைப்புக்குறிக்குள்ள நீங்க வந்து பேசறதை மட்டும் எடுத்துட்டா சுத்தமா இருக்கும்."

"அதை எடுத்தா நின்னுடும் சார்."

"ஒருதடவ எடுத்துத்தான் பாருங்களேன்."

எடுத்துப் பார்த்தேன். நான் வாயடிக்காத கதையில் அத்தை பொத்தானிலும், அவள் நாற்காலியிலும் அசையாமல் உறைந்துவிட்டார்கள். இவள் எழட்டும் என்று அந்த அறையும், அந்த அறை அடங்கட்டும் என்று இவளும். இத்தனை நேரம் நான் எதையும் சரிசெய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேசி நேரத்தை ஓட்டியிருக்கிறேன்.

ஆகவே கடைசிப் பகுதியை அவர் கேட்டபடியே தருகிறேன். அதில் என் அடைப்புக்குறி இல்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது, அது காலி. அதில் இருக்க வேண்டியவர் நீங்கள். என்ன சொல்வீர்களோ, எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வீர்களோ, எனக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரிய வேண்டியது யாராவது வந்துவிட்டார்களா என்பதுதான்.

8

கைத்தட்டல் ஓய்ந்தது. தொலைநோக்கு மைக்கை அவளிடம் நீட்டினார். "ரெண்டு வார்த்தை பேசுங்க மேடம்." அவள் ஒரு கையால் அதை வாங்கினாள். மறு கையில் போன் சத்தமில்லாமல் கிடந்தது. வீட்டில், ஜன்னல் பாதி சாத்திய அறையில், கட்டிலின் விளிம்பில், அத்தையின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடி இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அவள் மைக்கை வாயருகே கொண்டுபோய்

(                              )